ஆக்ராவுக்கு ஒரு நாள்: டெல்லியில் படிக்கும் இலங்கை, மலேசியத் தமிழ் மாணவர்களுக்குக் கதிமான் எக்ஸ்பிரஸ் சரிவருமா?

கதிமான் எக்ஸ்பிரஸ் வாரத்தில் ஆறு நாள்தான் ஓடும். வெள்ளிக்கிழமை கிடையாது, அன்று தாஜ்மகாலுக்கு விடுமுறை. யாருக்காக இந்த வண்டியை விட்டார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. காலை 8:10-க்கு ஹஸ்ரத் நிஜாமுதீனில் கிளம்பினால் 9:50-க்கு ஆக்ரா கண்டோன்மென்ட். திரும்பும்போது மாலை 5:50-க்கு ஏறினால் 7:30-க்கு நிஜாமுதீன். 188 கிலோமீட்டருக்கு 100 நிமிடம். நடுவில் ஆக்ராவில் கிடைப்பது சரியாக எட்டு மணி நேரம். இந்த எட்டு மணி நேரம் போதுமா, எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதுதான் இங்கே கேள்வி.

டெல்லிப் பல்கலைக்கழகம், ஜேஎன்யு, மைதான் கடியில் இருக்கும் தெற்காசியப் பல்கலைக்கழகம் என்று பல இடங்களில் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ கிள்ளானோ, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் செமஸ்டரில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் வரும் முதல் திட்டம் ஆக்ராதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் ஒன்று உள்ளூர்க்காரருக்கு எழுதியது, இல்லாவிட்டால் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிக்கு எழுதியது. மாணவர் கணக்கு வேறு.

முதலில் பணம். இந்தப் பயணத்தில் ரயில் கட்டணம் பெரிய செலவே இல்லை, நுழைவுச் சீட்டுதான் செலவு. தாஜ்மகாலுக்கு இந்தியக் குடிமக்கள் 50 ரூபாய், சார்க், பிம்ஸ்டெக் என்ற கூட்டமைப்புகளின் நாட்டவர் (இலங்கையர் இதில் அடக்கம்) 540, மற்ற வெளிநாட்டவர் 1100. மும்தாஜின் கல்லறை இருக்கும் மேல்மேடைக்கு ஏற வேண்டுமானால் மூவருக்குமே கூடுதலாக 200. ஆக்ரா கோட்டைக்கு இதே வரிசையில் 50, 90, 650. ஆக, இரண்டு இடத்துக்கும் சேர்த்து இந்திய பாஸ்போர்ட்காரர் 300 ரூபாயில் முடித்துவிடுவார், இலங்கை மாணவருக்கு 830 ஆகும், மலேசிய மாணவருக்கு 1950 ஆகும். ஒரே விடுதி, ஒரே வகுப்பு, ஒரே மொழி. கவுண்டரில் மூன்று விலை. கட்டணத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், கிளம்பும் முன் தொல்லியல் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் எடுத்தால் சற்றுக் குறையும், வரிசையும் மிச்சம்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர்கள் தேசிய நினைவுச் சின்னங்களில் இந்தியருக்கான கட்டணமே கட்டினால் போதும். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா பாட்டி வழியாக இந்த அட்டை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, மேல்மேடையோடு சேர்த்து 1300 ரூபாய்க்குச் சீட்டு வாங்குகிறார்கள். அசல் அட்டையைக் கொண்டுபோங்கள், போனில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். இலங்கை மாணவர்கள் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் 540 ரூபாய்ச் சீட்டு வாங்க முடியும். கடவுச்சீட்டு என்றாலும் பாஸ்போர்ட் என்றாலும் கவுண்டரில் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான். கல்லூரி அடையாள அட்டை விலையைக் குறைக்கும் என்று நினைத்து வரிசையில் நின்று வாதாடினால் போவது உங்கள் எட்டு மணி நேரம்.

அதே கல்லூரி அட்டை ரயிலில் உதவும். அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் தந்த, புகைப்படம் உள்ள மாணவர் அட்டையை ரயில்வே அடையாளச் சான்றாக ஏற்கிறது. ரயில் சீட்டு எடுக்கும்போது நாட்டுரிமையை மாற்றிப் பாஸ்போர்ட் எண்ணைப் போடுங்கள். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை சனி, ஞாயிறு இடங்கள் சீக்கிரம் போய்விடும். 'தட்கலில் (கடைசி நேர முன்பதிவில்) பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2025 ஜூலையில் இருந்து ஐஆர்சிடிசி என்ற ரயில் முன்பதிவுத் தளத்தில் தட்கல் எடுக்க ஆதார் (இந்திய அடையாள எண்) சரிபார்த்த கணக்கு வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு முதல் செமஸ்டரில் அது இருக்காது. 182 நாள் இந்தியாவில் தங்கிய வெளிநாட்டவர் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் ஆக்ரா போவதற்காக அவ்வளவு நாள் காத்திருப்பார் யார்? மூன்று வாரம் முன்பே, முடிந்தால் செவ்வாய், புதன், வியாழன்களில் ஒரு நாளுக்கு எடுத்துவிடுங்கள். தாஜில் கூட்டமும் அந்த நாட்களில்தான் தாங்கும்படி இருக்கும்.

சேர் காரா எக்ஸிகியூட்டிவா என்ற யோசனையே வேண்டாம். சேர் காரில் வரிசைக்கு ஐந்து இருக்கை, எக்ஸிகியூட்டிவில் நான்கு. கிட்டத்தட்ட இரட்டை விலை கொடுத்து நூறு நிமிடம் கொஞ்சம் அகலமாக உட்கார வேண்டிய அவசியம் மாணவருக்கு இல்லை. சேர் காரில் சாப்பாட்டோடு போக வர இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். முன்பதிவின்போது சாப்பாடு வேண்டாம் என்று குறித்தால் கட்டணம் குறையும், ஆனால் காலைப் பயணத்துக்குச் சாப்பாட்டோடு எடுப்பதே புத்திசாலித்தனம். ருசிக்காக இல்லை. விடுதி மெஸ் திறக்கும் முன்பே கிளம்பியிருப்பீர்கள், ஆக்ராவில் இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். 2016 ஏப்ரலில் இந்த வண்டி தொடங்கியபோது பணிப்பெண்கள், ரோஜாப்பூ என்று விமானம் மாதிரி விளம்பரம் செய்தார்கள். இப்போது கதிமானை நல்ல சதாப்தி (பகல்நேர விரைவு வண்டி) என்று நினைத்து ஏறினால் ஏமாற்றம் இருக்காது. மணிக்கு 160 கிலோமீட்டர் என்பது உண்மை, ஆனால் வழி முழுக்க அந்த வேகம் இல்லை. டெல்லியை விட்டு வெளியேறும் வரை உருட்டிக்கொண்டுதான் போகும்.

நிஜாமுதீன் நிலையத்துக்கு இரண்டு பக்கம் வாசல் உண்டு. மெட்ரோவில் வருபவர்கள் பிங்க் லைனில் சராய் காலே கான் நிறுத்தத்தில் இறங்கினால் ரயில் நிலையத்தின் பின்புற வாசல் பக்கத்திலேயே இருக்கும். வடக்கு வளாகத்தில் இருந்து வருபவர்கள் விஸ்வவித்யாலயாவில் மஞ்சள் லைனில் ஏறி ஐஎன்ஏவில் பிங்க் லைனுக்கு மாறுங்கள். அங்கிருந்து சவுத் எக்ஸ்டென்ஷன், லாஜ்பத் நகர், வினோபாபுரி, ஆசிரம் கடந்தால் அடுத்தது. ஆட்டோ பிடித்தால் எந்தப் பக்கம் என்பதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். தவறான பக்கம் இறங்கினால் எல்லா நடைமேடைகளையும் பாலம் வழியாகக் கடக்க வேண்டியிருக்கும். 7:40-க்குள் நிலையத்தில் இருப்பது நல்லது.

வண்டியில் தூங்குங்கள், ஆனால் அலாரம் வைத்துத் தூங்குங்கள். இந்த வண்டி ஆக்ராவோடு நிற்பதில்லை, ஜான்சி வரை போகிறது. கண்டோன்மென்ட்டை விட்டால் அடுத்தது குவாலியர், இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கோட்டையும் அருமையானதுதான், ஆனால் அன்றைக்கு நீங்கள் சீட்டு எடுத்தது அதற்கு இல்லை.

ஆக்ரா கண்டோன்மென்ட்டில் இறங்கியதும் பெட்டி வாசலிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். 'கிழக்கு வாசல் இன்று மூடியிருக்கிறது', 'பேட்டரி வண்டி ஓடவில்லை', 'முழு நாளுக்கும் ஆட்டோ வெறும் முன்னூறு'. எதையும் நம்பாமல் நேராக வெளியே நடந்து பிரீபெய்டு கவுண்டருக்குப் போங்கள், இல்லாவிட்டால் செயலியில் வண்டி பிடியுங்கள். முழு நாள் மலிவு ஆட்டோவின் மீதிக் கணக்கைப் பளிங்குக் கடையிலும் தோல் கடையிலும் கமிஷனாக எடுப்பார்கள். உங்களுக்குப் போவது ஒன்றரை மணி நேரம். பளிங்கு என்று விற்கும் சின்னச் சின்ன தாஜ்களில் பெரும்பாலானவை மாக்கல். நகத்தால் கீறினால் மாக்கல்லில் கோடு விழும், பளிங்கில் விழாது. போன் வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் மக்ரானா பளிங்கு லேசாக ஒளியை விடும்.

இப்போது வரிசை. எல்லாரும் நேராகத் தாஜுக்கு ஓடுவார்கள். கோடை, மழைக்காலத்தில் அதுவே சரி. டிசம்பர், ஜனவரியில் கோட்டையை முதலில் பார்ப்பது மேல். அந்த மாதங்களில் மூடுபனி பத்து, பதினொரு மணி வரை நிற்கும். 1300 ரூபாய் கொடுத்து உள்ளே போய் வெள்ளைப் புகையில் வெள்ளைக் கட்டடத்தைத் தேட வேண்டியிருக்கும். கோட்டைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை, சிவப்புக் கல் எப்படியும் தெரியும். பத்தரைக்குக் கோட்டைக்குள் நுழைந்து பன்னிரண்டரைக்கு வெளியே வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒன்றரைக்குத் தாஜ். பனிக்காலத்தின் சாய்ந்த வெயிலில் மூன்று மணிக்குப் பளிங்கின் நிறம் வேறு. வெளிநாட்டு மாணவர்களுக்கு இதில் சின்ன நஷ்டம் உண்டு: தாஜில் வாங்கும் சீட்டில் ஆக்ரா வளர்ச்சி ஆணையத்தின் 500 ரூபாய் வரி அடக்கம், அதே நாளில் கோட்டைக்குப் போனால் அங்கே அந்த வரியான 50 ரூபாயைத் திரும்பக் கட்ட வேண்டாம். கோட்டைக்கு முதலில் போனால் அந்த 50 போய்விடும். அதைப் பார்த்து வெளிச்சத்தை விட்டுவிடாதீர்கள்.

தாஜின் வாசலில்தான் மாணவர்கள் அதிகம் சிக்குவது. காரணம் பை. சாப்பாடு, சாக்லேட், மிட்டாய்கூட உள்ளே விடமாட்டார்கள். போன் சார்ஜர், ஹெட்போன், வயர், டிரைபாட், தீப்பெட்டி, கத்தி, சிகரெட், பெரிய பை எதற்கும் அனுமதி இல்லை. கேமரா, போன் தவிர மின்சாதனம் கூடாது. 'வழியில் அசைன்மென்ட் முடிக்கலாம்' என்று லேப்டாப்போடு வருபவர் மறுபடி வெளியே போய், லாக்கர் தேடி, புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். போன், பாஸ்போர்ட், பணம், ஒரு தண்ணீர் பாட்டில், கோடையில் தொப்பி. இவ்வளவுதான் சாமான். பவர் பேங்க்கை நம்பி இருப்பவர்கள் காலையில் ரயிலில் இருக்கைப் பக்கத்துப் பிளக்கில் போனை முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

தாஜுக்கு 500 மீட்டர் சுற்றளவில் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்குத் தடை. கிழக்குப் பக்கம் வருபவர்களை ஷில்ப்கிராம் நிறுத்துமிடத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பேட்டரி வண்டி, அல்லது பத்துப் பதினைந்து நிமிட நடை. 1100 ரூபாய்ச் சீட்டில் அந்த வண்டி, அரை லிட்டர் தண்ணீர், செருப்பின் மேல் போடும் உறை எல்லாம் அடக்கம். கேட்டு வாங்குங்கள், யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். ஆணும் பெண்ணும் தனித்தனி வரிசையில் சோதனைக்குப் போக வேண்டும் என்பதால் உள்ளே எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். பெரிய சிவப்பு நுழைவாயிலின் அடியில் என்று சொல்லாதீர்கள், ஊரே அங்கேதான் போட்டோவுக்கு நிற்கும்.

சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். அது தாராளமாகப் போதும். 200 ரூபாய் மேல்மேடைச் சீட்டு முதல் தடவை போகிறவருக்கு அவசியம் என்றே சொல்வோம். தூரத்தில் வெறும் வெள்ளையாகத் தெரியும் சுவரில் எத்தனை நிறக் கல் பதித்திருக்கிறார்கள் என்பது மேலே ஏறினால்தான் தெரியும். நுழைவாயில் எழுத்துகள் மேலே போகப்போகப் பெரிதாக்கப்பட்டிருக்கின்றன, கீழிருந்து பார்க்கும்போது ஒரே அளவாகத் தெரிய. நான்கு மினார்களும் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தவை, விழுந்தால் கல்லறை மேல் விழக்கூடாது என்று. உள்ளே எல்லாம் இரு பக்கமும் சமம், ஷாஜகானின் கல்லறையைத் தவிர. அது மும்தாஜுக்குப் பக்கத்தில் பிறகு வந்து சேர்ந்தது. உள்ளே படம் எடுக்கத் தடை. மேலே காண்பவை அடையாளக் கல்லறைகள், உண்மையானவை கீழ்த்தளத்தில். ஷாஜகானின் உர்ஸ் (நினைவு விழா) நாட்களில் மட்டும் அதைத் திறப்பார்கள், அப்போது நுழைவும் இலவசம். இலவசம் என்பதால் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். முதல் தடவை போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தாஜில் இருந்து கோட்டைக்கு இப்போது மெட்ரோ இருக்கிறது. 2024 மார்ச்சில் திறந்த பகுதியில் தாஜ்மகால் நிறுத்தத்துக்கு அடுத்ததே ஆக்ரா கோட்டை. ஆட்டோ பேரம் இல்லை, நெரிசல் இல்லை. கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் தாஜ் ஈஸ்ட் கேட் நிறுத்தம், மேற்கு வாசல் வழியாக வந்தால் தாஜ்மகால் நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி மெட்ரோ அட்டையை நீட்டாமல் அங்கேயே சீட்டு வாங்குங்கள்.

கோட்டையைத் தாஜின் பின்னிணைப்பாக நினைத்து அரை மணியில் ஓடி வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அக்பர் 1565-ல் தொடங்கிய கோட்டை. பெரும்பகுதி இன்றும் ராணுவத்தின் கையில், பார்வையாளருக்கு அமர்சிங் வாசல் வழிதான். ஜஹாங்கீர் மகாலின் சிவப்புக் கல்லில் இருந்து ஷாஜகானின் வெள்ளைப் பளிங்குக்கு நடந்தாலே இரண்டு தலைமுறை ரசனை எப்படி மாறியது என்று காலடியில் தெரியும். கடைசியில் முசம்மன் புர்ஜ் என்ற எண்கோணக் கோபுரம். 1658-ல் ஔரங்கசீப் அப்பாவைச் சிறைவைத்த பின் எட்டு வருடம், சாகும் வரை, ஷாஜகான் யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜைப் பார்த்துக்கொண்டிருந்த இடம். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஃபத்தேபூர் சிக்ரியை இந்த நாளில் சேர்க்காதீர்கள். போகவே ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம், 5:50 வண்டி போய்விடும். கூடுதலாக ஒன்று வேண்டுமானால் நூர்ஜஹான் தன் அப்பாவுக்குக் கட்டிய இத்மத் உத் தௌலா இருக்கிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம். சின்னக் கட்டடம், கூட்டம் குறைவு, கல் பதிக்கும் வேலைப்பாடு தாஜைவிட நெருக்கமாகப் பார்க்கலாம். பாலத்தில் நெரிசல் இருக்கும் என்பதால் மூன்றரைக்கு மேல் அங்கே கிளம்ப வேண்டாம்.

கதிமானின் பெரிய குறை அது போய்ச் சேரும் நேரம். பத்து மணிக்குத் தாஜில் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும், மே, ஜூனில் வெயிலும் 45 டிகிரியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை போகிறவர்கள் காலை 6:00-க்கு புதுடெல்லியில் கிளம்பும் போபால் சதாப்தியில் போய்விட்டு, திரும்புவதற்குக் கதிமானை எடுங்கள். எட்டு மணி வாக்கில் ஆக்ராவில் இறங்கிவிடலாம். மெட்ரோவை நம்பி அந்த வண்டியைப் பிடிப்பது சிரமம், நாலு பேராக டாக்ஸி எடுப்பதே வழி. நிஜாமுதீனில் இருந்து போபால் போகும் வந்தே பாரத்தும் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது பிற்பகலில் கிளம்பும் வண்டி, ஒரு நாள் பயணத்துக்கு ஆகாது. யமுனா எக்ஸ்பிரஸ்வே வழியாகப் போகும் பேக்கேஜ் பஸ்கள் விலையில் மலிவு, ஆனால் மதுரா, பிருந்தாவன் என்று சேர்த்துக்கொண்டு தாஜுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுப்பார்கள். மலேசிய மாணவர் ஒருவர் 1300 ரூபாய்ச் சீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் பார்ப்பது நியாயமான கணக்கா?

ஆக்ராவின் பேட்டா என்ற இனிப்பை வாங்காமல் வருவதில்லை என்றால், அது நம்மூர் நீர்ப்பூசணிக்காயில், இலங்கையில் சொல்லும் நீற்றுப்பூசணியில், செய்வதுதான். உலர்ந்த வெள்ளை வகை விடுதி அறையில் பல நாள் தாங்கும், பாகு சொட்டும் அங்கூரி வகை ஓரிரு நாள்தான். ஒரே கடைப் பெயரைச் சின்ன மாற்றத்தோடு பத்துக் கடைகள் வைத்திருப்பார்கள். பெயரைப் பார்க்காமல் ஒரு துண்டு ருசித்துவிட்டு, தயாரித்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். தாஜ் பார்த்து முடித்த பிறகு வாங்குவது முக்கியம், முன்பே வாங்கினால் வாசலில் பிடுங்கிவிடுவார்கள்.

மாலை நாலே முக்காலுக்குள் நிலையத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் அந்த நேரத்து ஆக்ரா நெரிசலில் முக்கால் மணி நேரம் போகலாம். பனிக்காலத்தில் தாஜையே சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு மூடிவிடுவதால் தானாகவே வெளியே வந்துவிடுவீர்கள். திரும்பும் கதிமான் ஜான்சியில் இருந்து வருவது. மூடுபனி நாட்களில் தாமதமாக வரலாம், நடைமேடைக்குப் போகும் முன் செயலியில் எங்கே வருகிறது என்று பாருங்கள். சரியான நேரத்தில் ஓடினால் ஏழரைக்கு நிஜாமுதீன், எட்டரைக்கு ஜன்பத் பக்கம் சரவண பவனில் தோசை. மெஸ்ஸில் மிச்சம் இருக்குமா என்று யோசிப்பவர்கள் பொறுப்பாளருக்குக் காலையிலேயே சொல்லிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.